டைம்யோக்கள் (பழைய ஜப்பானிய குறுநில மன்னர்கள்) குடியிருந்த வீடெல்லாம் எங்க போச்சு? கோட்டைக் கோபுரத்த மட்டும் பாத்துட்டு திரும்பிடாதீங்க

நெடுவழி:
எல்லாருக்கும் வணக்கம். டோக்கியோ வந்து ஆறு வருஷம் ஆச்சு. போன மாசம் ஊர்லேர்ந்து வந்த சித்தப்பாவ ஹிமேஜி கோட்டைக்கு கூட்டிட்டுப் போனேன். ஏணி மாதிரி செங்குத்தா இருக்குற மரப்படில ஆறாவது மாடி வரைக்கும் ஏறி, மேல மூச்சு வாங்க நின்னுட்டு சுத்திமுத்தி பாத்தாரு. வெறும் பலகைத் தரை, பெரிய பெரிய தூண், ஒரு சின்ன சன்னதி. "ராஜா எந்த ரூம்லப்பா படுப்பாரு?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த இழையே ஆரம்பிக்கிறேன்.

பதில் என்னன்னா அவரு அங்க படுக்கவே இல்ல. நாம போட்டோ எடுக்குற அந்த அடுக்கு மாடிக் கோபுரத்துக்கு தென்ஷுன்னு பேரு. ஆயுதம், தானியம் வைக்க, எதிரி வந்தா கடைசியா நின்னு சண்டை போட, மத்தபடி தூரத்துலேர்ந்து பாக்குறவங்களுக்கு நம்ம அதிகாரத்த காட்ட. பெரிய போர்த்தலைவர் நொபுநாகா அசுச்சி கோட்டைல தென்ஷுலயே குடியிருந்தாருன்னு சொல்லுவாங்க, அது விதிவிலக்கு, அந்தக் கோட்டையும் 1582ல எரிஞ்சு போச்சு. மத்த டைம்யோ எல்லாரும் கீழ கோதென்னு சொல்ற தரைமட்ட அரண்மனைலதான் இருந்தாங்க, அங்கதான் தர்பார், சமையல், அந்தப்புரம், ஆபீஸ் எல்லாமே. இன்னிக்கு எடோ காலத்துலேர்ந்தோ (1603-1868, எடோன்னா டோக்கியோவோட பழைய பேரு) அதுக்கு முன்னாடிலேர்ந்தோ அப்படியே நிக்குற தென்ஷு 12 இருக்கு. ஆனா தென்ஷுவும் அது பக்கத்துல ஹொன்மாருன்னு சொல்ற கோட்டை நடுக்கட்டுல இருக்குற அரண்மனையும் ரெண்டும் சேந்து நிக்குற இடம் ஒண்ணே ஒண்ணு, ஷிகோகுல இருக்குற கோச்சி. அதாவது யாரும் குடியிருக்காத கோபுரத்த காப்பாத்திட்டு, வாழ்ந்த வீட்ட விட்டுட்டாங்க. எனக்கு இது ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு.

அப்ப வாழ்ந்த வீடெல்லாம் எங்கன்னா, பெரும்பாலும் நான் தினமும் ட்ரெயின்ல கடந்து போற டோக்கியோவுக்கு அடியிலதான். உங்களுக்குத் தெரிஞ்ச இடங்கள எழுதுங்க, நானும் எழுதுறேன்.

கேள்விக்காரி:
நல்ல இழை. ஒரு அடிப்படை சந்தேகம். ஒவ்வொரு டைம்யோவுக்கும் தனித்தனி நாடு மாதிரி இருந்துச்சுல்ல, கனாசவா, ககோஷிமா, சென்டாய்னு. அப்புறம் ஏன் எல்லாரோட வீடும் டோக்கியோல இருக்கு? கெஸ்ட் ஹவுஸ் மாதிரியா?

நெடுவழி:
கெஸ்ட் ஹவுஸ் இல்லக்கா, பாதி வாழ்க்கையே அங்கதான். சன்கின் கோதாய்னு ஒரு முறை. ஷோகன்னா டைம்யோ எல்லாருக்கும் மேல நாட்ட ஆண்ட ராணுவ ஆட்சியாளர். 1635ல மூணாவது ஷோகன் இயெமிட்சு அத சட்டமாக்குனாரு, டைம்யோ ஒரு வருஷம் சொந்த ஊர்ல இருந்தா அடுத்த வருஷம் எடோவுல ஷோகன் காலடில இருக்கணும். டைம்யோ ஊருக்குத் திரும்புனாலும் பொண்டாட்டியும் வாரிசுப் பிள்ளையும் எடோவ விட்டு நகரக்கூடாது. பேச்சுக்கு குடும்பம், உண்மையில பிணைக்கைதி. 260க்கு மேல டைம்யோ இருந்தாங்க, அத்தன பேரும் எடோவுல வீடு வச்சே ஆகணும், அதுவும் ஒண்ணு இல்ல. யாஷிகின்னா மாளிகை. கோட்டைக்குப் பக்கத்துல மேல் யாஷிகி, அதுல டைம்யோவும் மனைவியும், அரசாங்க வேலையும். கொஞ்சம் தள்ளி நடு யாஷிகி, வாரிசுக்கும் ஓய்வு பெற்ற பெரியவருக்கும். ஊருக்கு வெளிய கீழ் யாஷிகி, தோட்டம், கிடங்கு, தீ விபத்து நடந்தா ஓடிப் போய் தங்குற இடம். பணக்கார வம்சங்களுக்கு இதுலயே ரெண்டு மூணு இருக்கும். எடோ நிலப்பரப்புல கிட்டத்தட்ட 70 சதவீதம் சாமுராய் வர்க்கத்து கையிலதான் இருந்துச்சு, ஜனத்தொகைல பாதி இருந்த சாதாரண நகரத்து ஜனங்க சுமார் 15 சதவீத நிலத்துல நெருக்கிட்டு கிடந்தாங்க.

தீன்னு சொன்னதும் 1657 மெய்ரெக்கி தீ விபத்த சொல்லாம இருக்க முடியாது. எடோ கோட்டையோட தென்ஷுவே எரிஞ்சு போச்சு. அடித்தளக் கல் மேடைய கனாசவா டைம்யோவான மயேதா வம்சம் மறுபடி கட்டிக் கொடுத்தது, ஆனா ஷோகனுக்கு ஆலோசகரா இருந்த ஹொஷினா மசாயுகி, ஊரே சாம்பலா கிடக்கும்போது கோபுரத்துக்கு செலவு பண்ண வேணாம்னு சொல்லி நிறுத்திட்டாரு. அந்த கல் மேடை இன்னிக்கும் அரண்மனை கிழக்குத் தோட்டத்துல மொட்டையா நிக்குது, இந்த ஊர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. அந்தத் தீக்கு அப்புறம்தான் கோட்டைக்குள்ள இருந்த டைம்யோ வீடுங்கள வெளிய நகத்துனாங்க, நகரமே விரிஞ்சுது.

பழைய ஓடு:
அகழ்வாய்வுல ஆர்வம் உள்ளவன், அதனால நான் ஹோங்கோ பத்தி எழுதுறேன். டோக்கியோ பல்கலைக்கழகத்தோட ஹோங்கோ வளாகம் பெரும்பாலும் கனாசவாவ ஆண்ட காகா மயேதா வம்சத்தோட எடோ வீடு. டைம்யோல பெரிய ஆளு அவங்கதான், 10 லட்சம் கொக்குக்கு மேல. ஒரு கொக்குன்னா சுமார் 150 கிலோ அரிசி, ஒரு ஆளு ஒரு வருஷம் சாப்பிடுற அளவுன்னு கணக்கு. டைம்யோன்னு பேரு வாங்கவே 10,000 கொக்கு இருந்தா போதும், அதோட வச்சுப் பாத்தா புரியும்.

அந்த வளாகத்து சிவப்பு வாசல், அகாமோன், எல்லாரும் பல்கலைக்கழக வாசல்னு நினைச்சு போட்டோ எடுப்பாங்க. அது 1827ல ஷோகன் இயெனாரியோட மக மயேதா நரியாசுவுக்கு கல்யாணமாகி வரும்போது கட்டுனது. ஷோகன் வீட்டுப் பொண்ணு மருமகளா வந்தா சிவப்பு வாசல் கட்டணும்ங்கறது அந்தக் காலத்து வழக்கம். உள்ள இருக்குற சன்ஷிரோ குளமும் மயேதா தோட்டத்தோட மிச்சம்தான், அந்தப் பேரு பின்னாடி ஒரு நாவல்லேர்ந்து ஒட்டிக்கிச்சு.

ஆனா வாசலையும் குளத்தையும் விட மண்ணுக்குள்ள கிடைச்சதுதான் எனக்கு பெருசு. ஆஸ்பத்திரி கட்டடம் கட்ட தோண்டும்போதெல்லாம் அகழ்வாய்வு நடந்திருக்கு, குப்பைக்குழி குழியா வந்துச்சு. விருந்துல ஒரு தடவ சாராயம் குடிச்சுட்டு தூக்கிப் போடுற பூச்சு இல்லாத மண் கிண்ணம், மீன் முள்ளு, சிப்பி, உடைஞ்ச பீங்கான். டைம்யோன்னா பட்டு, தங்கத் திரைன்னு நினைப்போம். அந்த மதிலுக்குள்ள ரெண்டாயிரம் மூவாயிரம் பேரு வாழ்ந்தாங்க, அதுல பெரும்பான்மை ஊர்ல பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு டைம்யோ கூட வந்து, மதில ஒட்டி நீளமா கட்டுன நகாயா வரிசை வீட்டுல ரெண்டு மூணு பேரா சேந்து பொங்கித் தின்ன சின்ன சாமுராய்ங்க. டைம்யோ வீடுன்னு சொன்னா எனக்கு முதல்ல அவங்கதான் ஞாபகம் வராங்க. கட்டடத்துல அவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல, குப்பைல மிஞ்சியிருக்கு.

உழவன் பேரன்:
எல்லாம் சரி நண்பர்களே, அந்த பத்து லட்சம் கொக்கு அரிசிய யாரு விளைவிச்சாங்கன்னு இதுவரைக்கும் யாருமே எழுதலையே. டைம்யோ பெருமை பேசுற எந்த இடத்துலயும் எனக்கு இந்த வருத்தம் உண்டு. ஷிமபரா கோட்டைய எடுத்துக்கங்க. மட்சுகுரா ஷிகெமசா 1618லேர்ந்து 1624 வரைக்கும் கட்டுனாரு. அவரு பங்கு வெறும் 40,000 கொக்கு, அதுக்கு கொஞ்சமும் பொருந்தாத பெரிய கோட்டை. அந்த செலவு மொத்தமும் விவசாயி தலைல விழுந்துச்சு, மகன் கட்சுயியே காலத்துல வரி இன்னும் கூடிச்சு, கட்ட முடியாதவங்கள சித்திரவதை பண்ணாங்க, கிறிஸ்தவங்களுக்கு அதுக்கு மேல கொடும. 1637 கடைசில ஷிமபராவுலயும் பக்கத்து அமகுசாவுலயும் ஜனங்க கிளர்ச்சி பண்ணாங்க. கைவிட்டுப்போன ஹாரா கோட்டைல புகுந்து மாசக்கணக்கா தாக்குப் பிடிச்சாங்க, 1638ல உள்ள இருந்த ஆண் பெண் குழந்தைன்னு கிட்டத்தட்ட எல்லாரையும் கொன்னுட்டாங்க. அப்புறம் ஷோகனே கட்சுயியேவ விசாரிச்சு தலைய வெட்டுனாரு. எடோ காலத்துல செப்புக்குன்னு சொல்ற வயிறு கிழிச்சு சாகுற மரியாதைகூட கொடுக்காம தலை வெட்டுன டைம்யோ அவரு ஒருத்தருதான்.

இன்னிக்கு ஷிமபரால நிக்குற வெள்ளை தென்ஷு 1964ல கான்கிரீட்ல கட்டுனது. உள்ள கிளர்ச்சி பத்தின காட்சியும் வச்சிருக்காங்க, அது நல்ல விஷயம். ஆனா கோட்டைய அழகா இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஹாரா கோட்டை மேட்டுக்கும் போய் நிக்கணும்னு நான் கேட்டுக்கறேன்.

நெடுவழி:
தோழர், நீங்க சொல்றத முழுசா ஏத்துக்கறேன், என் முதல் பதிவுல அது இல்லாதது குறைதான். எடோ வீடுகளுக்கும் அதே கணக்குதான் பொருந்தும். பல வம்சங்களுக்கு ரொக்கச் செலவுல பாதிக்கு மேல எடோலயே போச்சு. மயேதா ஊர்வலம் பெரிய காலத்துல 4,000 பேரு வரைக்கும், கனாசவாலேர்ந்து எடோவுக்கு சுமார் 480 கிலோமீட்டர், 12, 13 நாள் நடை. வழி நெடுக சத்திரம், படகு, குதிர, அப்புறம் ஷோகன் வீட்டுக்கும் மந்திரிங்களுக்கும் பரிசு. கடைசி நூறு வருஷத்துல பல டைம்யோ ஒசாகா அரிசி வியாபாரிங்ககிட்ட கழுத்து வரைக்கும் கடன்.

அதுல ஒரு விஷயம் சுவாரசியமானது. குருமே அரிமா வம்சம் தன்னோட எடோ வீட்டுக்குள்ள சொந்த ஊர் சுய்தென்கு சாமிய கொண்டு வந்து வச்சுது, 1818ல. சுகப்பிரசவத்துக்கு கைகண்ட சாமின்னு பேரு பரவி ஜனங்க மதிலுக்கு வெளியவே நின்னு காசு எறிய ஆரம்பிச்சாங்க, அப்புறம் மாசம் அஞ்சாம் தேதி கதவ திறந்து விட்டாங்க, காணிக்கை வம்சத்துக்கு நல்ல வருமானம் ஆச்சு. மருகாமே கியோகொகு வம்சத்து கொதொஹிராவும் அதே மாதிரி, மாசம் பத்தாம் தேதி. இன்னிக்கு சுய்தென்கு நிஹொன்பாஷி பக்கம் இடம் மாறியிருக்கு, வயித்துப்பிள்ளைக்காரிங்க இன்னும் வரிசைல நிக்கிறாங்க. அரிமா வீடு போச்சு, சாமி மட்டும் நிக்குது.

சிங்கை வாசகி:
நான் சிங்கப்பூர்லேர்ந்து. டைம்யோ வம்சம் பத்தி பேசும்போது எங்க ஊருக்கும் ஒரு நேர் தொடர்பு இருக்கு. ஓவாரி தொகுகவா, நாகோயாவுல இருந்த வம்சம், ஷோகனோட தொகுகவா குடும்பத்துல ஒரு கிளை, அதோட 19வது தலைவர் தொகுகவா யொஷிசிகா. 1921ல மலாயாவுக்கு வந்து ஜொகூர் சுல்தானோட புலி வேட்டை ஆடுனவரு, ஜப்பான்ல "புலி வேட்டை பிரபு"ன்னே பேரு. அவருதான் வம்சத்து சொத்தான ஓவியம், வாள், தேநீர்ப் பாத்திரம் எல்லாத்தையும் ஒரு அறக்கட்டளைக்கு எழுதி வச்சு 1935ல நாகோயாவுல தொகுகவா கலை அருங்காட்சியகம் திறந்தவரு. மத்த வம்சங்க ஏலத்துல வித்துத் தீத்தப்ப இவரு ஒரே இடத்துல காப்பாத்துனாருங்கறது உண்மை.

அதே ஆளு 1942ல ஜப்பான் ராணுவத்தோட சிங்கப்பூர் வந்தாரு, ராணுவ நிர்வாகத்துக்கு ஆலோசகரா. இங்க இருந்த ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்துக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் தலைமை அவரு பேர்ல. சிறைக்குப் போக வேண்டிய பிரிட்டிஷ் விஞ்ஞானிங்க சில பேர வேலைல வச்சுக்கிட்டதால சேகரிப்பு சூறையாடப்படாம தப்பிச்சுது. ஆனா அதே ஆட்சிலதான் சீனர்கள கொத்தா கொன்னாங்க, மலாயா தோட்டங்கள்லேர்ந்து தமிழர்கள சயாம் ரயில் பாதைக்கு ஏத்திட்டுப் போனாங்க, போனதுல ஏராளமானவங்க திரும்பல. எங்க குடும்பத்துலயும் ஒரு பெரியப்பா தாத்தா அப்படிப் போனவரு. நான் நாகோயா போயி அந்த அருங்காட்சியகத்துல "கெஞ்சியின் கதை"ங்கற பழைய ஜப்பானிய நாவலோட ஓவியச் சுருள் பத்தின அறைல நின்னப்ப அழகும் பிடிச்சுது, மனசும் கனத்துச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல.

மயேதா வம்சத்துக்கும் இப்படி ஒண்ணு உண்டு. தொஷிநாரி மயேதா, 1942ல போர்னியோ படைக்குத் தளபதி, அங்கயே விமான விபத்துல இறந்தாரு, லாபுவான் தீவுக்கு கொஞ்ச காலம் மயேதா தீவுன்னு பேரு வச்சாங்க.

நெடுவழி:
அக்கா, இத எழுதுனதுக்கு நன்றி. அந்த தொஷிநாரி மயேதாவோட வீடு இன்னும் இருக்கு, கொமபால. ஹோங்கோவுல மிச்சமிருந்த நிலத்த பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துட்டு மாத்தி வாங்குன இடம், 1929ல இங்கிலாந்து பாணில கட்டுன மாளிகை. போருக்கு அப்புறம் அமெரிக்க விமானப்படைத் தளபதி குடியிருந்தாரு. இப்ப பொதுப் பூங்கா, உள்ள இலவசமா பாக்கலாம். வேலைக்காரங்க பக்கத்துப் படிக்கட்டு தனியா, ரொம்ப குறுகலா இருக்கும், அத கண்டிப்பா பாருங்க.

கேள்விக்காரி:
அப்ப 1868ல ஷோகன் ஆட்சி போயி மெய்ஜி பேரரசர் ஆட்சி வந்ததும் இந்த வீடெல்லாம் இடிச்சுட்டாங்களா? யாரு இடிச்சா?

பழைய ஓடு:
ஒரே அடியா இல்ல. 1862லயே சன்கின் கோதாய தளத்திட்டாங்க, மனைவிங்க ஊருக்குப் போகலாம்னு ஆச்சு, எடோவே காலியாக ஆரம்பிச்சுது. 1869ல டைம்யோ நிலத்த பேரரசர்கிட்ட திருப்பிக் கொடுத்தாங்க, 1871ல ஹான்னு சொல்ற அந்த ஆட்சிப் பகுதிங்கள கலைச்சு மாவட்டம் ஆக்கினாங்க. கடனயும் புது அரசாங்கம் பெரும்பாலும் ஏத்துக்கிட்டதால பல டைம்யோவுக்கு அது நிம்மதியாவே இருந்திருக்கும். காலியான வீட்டு நிலத்த என்ன பண்றதுன்னு தெரியாம டோக்கியோ நிர்வாகம் 1869ல தேயிலையும் பட்டுப்பூச்சிக்கு முசுக்கொட்டையும் நடச் சொல்லிச்சு! இன்னிக்கு ஷிபுயால பணக்காரங்க இருக்குற ஷோதோ பகுதி, முன்னாடி கீ தொகுகவாவோட கீழ் யாஷிகி, அப்புறம் நபெஷிமா வம்சத்தோட தேயிலைத் தோட்டம், அந்தத் தோட்டத்துப் பேருதான் ஷோதோ.

அப்புறம் ராணுவம். மித்தோ தொகுகவா வீடு பீரங்கித் தொழிற்சாலை ஆச்சு, அதுக்கு மேல பேஸ்பால் மைதானம், இப்ப டோக்கியோ டோம். 1629ல ஆரம்பிச்ச அவங்க கொய்ஷிகவா கொராகுஎன் தோட்டம் மட்டும் தப்பிச்சு பக்கத்துலயே இருக்கு. ஓவாரி மேல் யாஷிகி இருந்த இச்சிகாயா இப்ப பாதுகாப்பு அமைச்சகம். மருனோஉச்சில டைம்யோ வீதின்னே ஒண்ணு இருந்துச்சு, ராணுவம் எடுத்து அப்புறம் 1890ல மிட்சுபிஷிக்கு வித்துச்சு, இன்னிக்கு டோக்கியோ ஸ்டேஷன் எதிர்ல நிக்குற ஆபீஸ் எல்லாம் அது மேலதான். நைதோ வம்சத்து வீடு ஷின்ஜுகு கியோஎன் பூங்கா. டோக்கியோல கியோய்ச்சோங்கற பகுதியோட பேரே கீ, ஓவாரி, ஈ மூணு வம்சத்தோட எழுத்த சேத்தது. பெரிய பெரிய நிலம் உடையாம கைமாறுனதாலதான் இவ்ளோ நெருக்கமான ஊர்ல பல்கலைக்கழகத்துக்கும் பூங்காவுக்கும் இடம் கிடைச்சுது, இதுதான் டைம்யோ விட்டுட்டுப் போன உண்மையான சொத்துன்னு எனக்குத் தோணுது.

தச்சன் மகன்:
மரவேலை செய்யுற குடும்பத்துலேர்ந்து வந்தவன், அதனால நாகோயா பத்தி சொல்றேன். ஹொன்மாரு அரண்மனை 1945 மே மாசம் குண்டுவீச்சுல எரிஞ்சுது. ஆனா கதவுலயும் சுவர்லயும் இருந்த ஓவியத்துல பெரும்பகுதிய முன்னாடியே கழட்டி ஒளிச்சு வச்சிருந்தாங்க, ஆயிரத்துக்கு மேல தப்பிச்சுது. போருக்கு முன்னாடி அளந்து வரைஞ்ச வரைபடமும் இருந்துச்சு. அத வச்சு 2009ல ஆரம்பிச்சு 2018ல முழுசா திறந்தாங்க, ஹினோகிங்கற ஜப்பானிய சைப்ரஸ் மரம், உள்ள நுழையும்போதே வாசம் தூக்கும். புதுசுதான், ஆனா நெடுவழி அண்ணன் கேட்ட "வாழ்ந்த வீடு" எப்படி இருந்திருக்கும்னு தெரியணும்னா இத விட நல்ல இடம் இல்ல. கான்கிரீட் தென்ஷுவ இடிச்சுட்டு அதையும் மரத்துல கட்டணும்னு நான் ஆசப்படுறேன்.

நிழல்மரம்:
தம்பி, உங்க ஆச புரியுது. ஆனா எங்க அப்பா சக்கர நாற்காலில இருக்காரு. 1959ல கட்டுன அந்த கான்கிரீட் தென்ஷுல லிஃப்ட் இருந்துச்சு, நில அதிர்ச்சி பாதுகாப்புக்காக 2018ல மூடிட்டாங்க. மரத்துல திரும்பக் கட்டும்போது உச்சி வரைக்கும் லிஃப்ட் வைக்க முடியாதுன்னு நகராட்சி சொன்னப்ப மாற்றுத்திறனாளிகள் அமைப்புங்க எதிர்த்தாங்க, அந்த விவாதம் வருஷக்கணக்கா இழுத்துச்சு. எரிஞ்சு போன கட்டடத்த இன்னிக்கு மக்கள் காசுல புதுசா கட்டுறோம். அதுல பழைய காலத்து படிய மட்டும் மாறக்கூடாதுன்னு பிடிச்சுக்கறது எனக்கு நியாயமாப் படல. அரண்மனை தரைமட்டம், எங்க அப்பா அத நிதானமா சுத்திப் பாத்தாரு, கூரை ஓவியத்த அண்ணாந்து பாத்துட்டே இருந்தாரு.

தச்சன் மகன்:
அக்கா, இந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்ல. உள்கட்டு வேலைல ஒரு மூலைய லிஃப்டுக்கு விட்டா மரக்கட்டு கெட்டுப் போயிடாது, அது தச்சருங்க தீத்துக்குற விஷயம்தான். என் கருத்த மாத்திக்கறேன்.

உழவன் பேரன்:
நெடுவழி, கடைசியா ஒண்ணு. டோக்கியோவுல ஒரே நாள் இருந்தா, கான்கிரீட் இல்லாம, மூலக் கட்டடமா டைம்யோ வீட்டோட ஒரு துண்டாவது எங்க பாக்கலாம்?

நெடுவழி:
உஎனோ தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்க தோழர். வளாகத்துல ஒரு ஓரமா, நடைபாதைய ஒட்டி ஒரு பெரிய கருப்பு வாசல் நிக்கும், தொத்தோரி இகேதா வம்சத்தோட மருனோஉச்சி வீட்டு வாசல். பல இடம் மாறி 1954ல அங்க வந்து சேந்துச்சு. ரெண்டு பக்கமும் வளைஞ்ச கூரை போட்ட காவலாளி அறை. ரோட்டுலேர்ந்தே பாக்கலாம், டிக்கெட் வேணாம். பின்னாடி வீடு இல்ல, வெறும் மரங்க. சித்தப்பாவ ஊருக்கு ஏத்திவிடுறதுக்கு முந்தின நாள் அங்கதான் கூட்டிட்டுப் போனேன். காவலாளி அறையோட ஜன்னல் கம்பிய தொட்டுப் பாத்துட்டு, "இங்க உக்காந்திருந்தவன் எந்த ஊர்க்காரனோ"ன்னு சொன்னாரு.